மூன்றாம் இலக்கச் சிப்பாயின் மகள்

கல்முனைக்குடியில், கடற்கரை வீதியிலிருந்து மூன்றாவது ஒழுங்கையில், பச்சைத் தகரக் கேற் போட்ட வீடு ஒன்று இருக்கிறது. யார் போய்த் தட்டினாலும் அந்தக் கேற் உடனே திறக்காது. தகரத்தில் ஓர் ஆணி ஓட்டை. அதில் முதலில் ஒரு கண் வந்து நிற்கும். தட்டியவர் மீன்காரராக இருந்தால் கண் பெட்டியைப் பார்க்கும். கரண்ட் மீற்றர் வாசிக்கிறவராக இருந்தால் கழுத்தில் அட்டை தொங்குகிறதா என்று பார்க்கும். அதன் பிறகுதான் உள்ளே தாழ்ப்பாள் அசையும். ஒழுங்கைப் பெண்கள் வீட்டுக்காரி கைருன்னிஸாவுக்கு சீஐடி ராத்தா என்று பேர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரேயே அப்படிக் கூப்பிடுவார்கள். அவளும் கோபிப்பதில்லை. "சீஐடி எண்டா, உங்கட புருஷன்மார் எங்கெங்க போறாங்க எண்டும் சொல்லட்டா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள்.

பிறக்கும்போதே அவள் அப்படி இருந்தவள் அல்ல. சுனாமி வந்தபோது அவளுக்கு முப்பத்தேழு வயது. மகன் முர்ஷித்துக்கு ஏழு. சந்தைக்குப் போன கணவர் திரும்பி வரவில்லை. வாப்பா அபுல் ஹஸன் சீதனமாகக் கட்டிக்கொடுத்த வீட்டில் முன் சுவரும் அதை ஒட்டிய அரை அறையும் மட்டும் நின்றன. பிறப்புப் பத்திரம், கல்யாணக் காவின் பதிவு, காணி உறுதி எல்லாம் தண்ணீரோடு போயின. போதாதற்கு, எவரோ அவசரத்தில் எழுதிய ஒரு பட்டியலில் இறந்தவர்களோடு அவளுடைய பேரும் ஏறிவிட்டது. தான் உயிரோடு இருப்பதாகக் கடிதம் எடுக்க அவளுக்கு ஏழு மாதம் பிடித்தது. வீடு தன்னுடையது என்று காட்ட இரண்டு வருஷம். அந்த நடையில்தான் அவள் ஒன்றைக் கற்றுக்கொண்டாள். மனிதர் வேறு, மனிதரைப் பற்றிக் காகிதத்தில் கிடப்பது வேறு. மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் பார்ப்பது காகிதத்தைத்தான்.

அந்த முன் சுவரில் ஒரு படம் தொங்கியது. தண்ணீர் கழுத்தளவு வந்தும் அதைத் தொடவில்லை. கறுப்பு வெள்ளைப் படம். பத்து ஆண்கள் ஜப்பான் பட்டாள உடுப்பில், துவக்குகளை மார்போடு பிடித்தபடி, ஒரு குளக்கட்டில் வரிசையாக நிற்பார்கள். இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் அபுல் ஹஸன்.

1957இல் அவருக்கு இருபது வயது. சாகாமத்தில் நெல் வேளாண்மை வெட்டப் போய், வயல் வட்டைக்குள் ஓலை வாடி போட்டுத் தங்கியிருந்தார். ஒரு நாள் குளக்கரைக்கு இரண்டு லொறிகளில் வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கினார்கள். படம் பிடிக்கிற ஆட்கள். கதை பர்மாவில் நடக்கிற சண்டை. பர்மாவுக்குப் போய்வரக் கையில் காசில்லாத கம்பனி அது. ஆகவே ஆற்றுக்குப் பதிலாகச் சாகாமக் குளத்தையும், பெருங்காட்டுக்குப் பதிலாகக் குளத்தின் பின்பக்கத்துப் பற்றையையும், ஜப்பான் பட்டாளத்துக்குப் பதிலாக வேளாண்மை வெட்ட வந்தவர்களிலும் கரைவலை இழுக்கிறவர்களிலும் பத்துப் பேரையும் எடுத்துக்கொண்டார்கள். துவக்குகள் மரத்தில் செய்து கறுப்புச் சாயம் பூசியவை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஆறு பேர். அவர்கள் கதை முடியும்வரை தேவைப்பட்டார்கள். எனவே இந்தப் பத்துப் பேரும் மாறி மாறிச் செத்தார்கள். காலையில் மதகடியில் செத்தவர்கள் தொப்பியை மாற்றிக்கொண்டு பின்னேரம் மரத்தடியில் செத்தார்கள். நடுவில் ஒரு நாள் தாடி ஒட்டிக்கொண்டு பர்மாக்காரர்களாகவும் வந்து, தங்களையே தாங்கள் காட்டிக்கொடுத்தார்கள். பதினாறு நாளில் லொறிகள் போய்விட்டன. படத்தின் பேர்கூட அபுல் ஹஸனுக்குத் தெரியாது. அது எந்தத் தியேட்டரில் ஓடியது என்றும் தெரியாது. கையில் மிஞ்சியது அந்த ஒரு போட்டோதான்.

போட்டோவுக்கு அமைதியான வாழ்வு அமையவில்லை. எண்பத்தைந்தில் ஊர் கலங்கியபோது கைருன்னிஸாவின் உம்மா அதைக் கழற்றி அரிசிப் பானைக்குள் வைத்தார். தொண்ணூறில் அதை மெத்தைக்குள் வைத்துத் தைத்தார்கள். பட்டாள உடுப்பும் துவக்குமாக நிற்கிற ஓர் ஆளின் படத்தை, எந்தப் பக்கத்துத் துவக்குக்காரன் பார்த்தாலும் கேள்வி வரும். ஒவ்வொரு முறையும் கலக்கம் அடங்கியதும் அபுல் ஹஸனே அதை எடுத்துத் துடைத்து, அதே ஆணியில் மாட்டினார்.

2019இல், ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின் கரையோர ஊர்களில் வீடு வீடாகத் தேடுதல் நடந்தது. இறைச்சி வெட்டுகிற கத்தியைக்கூட எங்கே வைப்பது என்று தெரியாமல் பெண்கள் முழித்த நாட்கள். அபுல் ஹஸன் லுஹர் தொழப் போயிருந்த நேரம், கைருன்னிஸா போட்டோவைச் சட்டத்திலிருந்து பிரித்தாள். நாலாகக் கிழித்து, சோறு கொதித்துக்கொண்டிருந்த அடுப்புக்குள் வைத்தாள். பள்ளியிலிருந்து வந்தவர் வெறும் ஆணியைப் பார்த்தார்.

"கறையான் அரிச்சிப் போட்டுது வாப்பா. வீசிட்டன்" என்றாள் அவள்.

அவர் கதிரையில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். அதன் பிறகு போட்டோவைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்கவில்லை. வாப்பா நம்பிவிட்டார் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

சென்ற வருஷம் முர்ஷித்துக்குக் கட்டாரில் வேலை சரிவந்தது. பெரிய ஹோட்டல் ஒன்றில் ஏசி திருத்துகிற வேலை. இருபத்தேழு வயதுவரை ஊரில் கிடைத்த வேலைகளையெல்லாம் செய்து பார்த்தவனுக்கு இது முதல் முறையாக வாய்த்த நல்ல இடம். ஏஜன்சி எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஒன்றே ஒன்றுக்குக் காத்திருந்தது. ஆள் மேல் குற்றம் ஒன்றும் இல்லை என்கிற பொலிஸ் ரிப்போட். முப்பதாம் திகதிக்குள் அது வராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். விண்ணப்பம் கொழும்புக்குப் போயிருந்தது. ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து விலாசத்தையும் ஆளையும் பார்த்து எழுதிப் போவார் என்றார்கள். அன்றிலிருந்து கைருன்னிஸா மகனைச் சந்தியில் நிற்க விடவில்லை. பேஸ்புக்கில் எதற்கும் விருப்பம் போட வேண்டாம் என்றாள். ஆட்டுக்குட்டிப் படத்துக்குமா என்று கேட்டான். ஆட்டுக்குட்டி யாருடையது என்று உனக்குத் தெரியுமா என்றாள்.

விண்ணப்பம் போட்ட ஒன்பதாம் நாள், ஒரு திங்கட்கிழமை காலை, கேற் தட்டப்பட்டது. ஓட்டையில் பார்த்தாள். இருபத்தைந்து மதிக்கத்தக்க ஒரு பெண். கையில் ஹெல்மெட், முதுகில் பை, பின்னால் ஒரு ஸ்கூட்டர். நெற்றியில் சின்னப் பொட்டு. கழுத்தில் அட்டை இல்லை.

"ஆரு?"

"நான் தர்சிகா, அன்ரி. மட்டக்களப்பிலயிருந்து வாறன். அபுல் ஹஸன் ஐயாட வீடு இதுதானே?"

"என்ன விசயம்?"

"ஐயாட்டப் பழைய போட்டோ ஒண்டு இரிக்காம். பட்டாள உடுப்போட, துவக்குப் பிடிச்சிக்கிட்டு நிக்கிற போட்டோ."

தாழ்ப்பாளில் இருந்த கைருன்னிஸாவின் கை அப்படியே நின்றது. அந்தப் பெண் கேற்றுக்கு வெளியே நின்றபடியே விளக்கினாள். இங்கிலாந்தில் ஒரு பழைய களஞ்சிய அறையில் அந்தப் படத்தின் சுருள் கிடைத்திருக்கிறது. வெள்ளைக்காரர்கள் எல்லாருடைய பேரும் அதில் இருக்கிறது, இந்தப் பத்துப் பேரின் பேர் மட்டும் இல்லை. ஒன்று முதல் பத்துவரை இலக்கம் போட்டு, ஆளாளாகத் தேடிப் பேர் சேர்க்கிற வேலையை அவள் செய்கிறாள். ஏழாம் ஆள் பெரியநீலாவணை கனகசிங்கம். மூன்றாம் ஆள் அபுல் ஹஸன் என்று சொன்னவரும் அவர்தான், மற்ற எட்டுப் பேரின் பேர்கள் அவருக்கு மறந்துவிட்டன. இவ்வளவையும் அவள் தெளிவாகத்தான் சொன்னாள். துவக்கு என்ற சொல்லுக்குப் பிறகு கைருன்னிஸாவின் காதில் எதுவும் ஒழுங்காக விழவில்லை. கடைசிக் கேள்வி மட்டும் நன்றாக விழுந்தது.

"ஐயா துவக்குப் பிடிக்க எங்க பழகின எண்டு ஏதும் சொல்லியிரிக்காரா, அன்ரி?"

"எங்கட வாப்பா வயல் செஞ்ச மனிசன். துவக்கக் கண்ணாலயும் கண்டதில்ல. நீங்க வீடு மாறி வந்திட்டீங்க, மகள்."

தர்சிகா தன் பேரையும் தொலைபேசி இலக்கத்தையும் ஒரு துண்டில் எழுதிக் கேற்றுக்குக் கீழால் தள்ளிவிட்டுப் போனாள். கைருன்னிஸா ஸ்கூட்டரின் இலக்கத்தை நாட்காட்டியில் குறித்துக்கொண்டாள்.

அன்று முழுவதும் அவள் கூட்டிப் பார்த்தாள். விண்ணப்பம் போட்டு ஒன்பதே நாள். அறுபத்தேழு வருஷம் ஒருவரும் கேட்காத போட்டோவை இப்போது கேட்கிறார்கள். ஆணை அனுப்பினால் கேற் திறக்காது என்று தெரிந்து பெண்ணை அனுப்பியிருக்கிறார்கள். முஸ்லிம் பெண் என்றால் யாருடைய மகள் என்று நாலு கேள்வியில் பிடித்துவிடலாம், அதனால் தமிழ்ப் பெண். படம், இங்கிலாந்து என்பதெல்லாம் மேல்பூச்சு. கேட்க வந்தது கடைசிக் கேள்வியைத்தான்.

முர்ஷித் கேட்டுவிட்டுச் சிரித்தான். போனை எடுத்து அந்தப் பெண்ணின் பேரைத் தேடி, அவளுடைய படங்களைக் காட்டினான். பல்கலைக்கழகம், கோயில் திருவிழா, தோழிகள். ஒரு படத்தில் கைருன்னிஸா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். தர்சிகாவுக்குப் பக்கத்தில் யூனிபோம் போட்ட ஓர் ஆள்.

"அது பள்ளிக்கூடத்துக் கெடற் படைக்காரர் உம்மா. பரிசு குடுக்காங்க. பத்து வருஷப் பழைய படம்."

"பள்ளிக்கூடத்திலயே புடிச்சிருக்காங்க பாரு."

"உங்களுக்கு நிழலக் கண்டாலும் அடையாள அட்டை கேக்கணும்."

"கேட்டதாலதான் மனே நீ இந்த வீட்டில இருக்கிறாய்" என்றாள். அது உண்மை என்பதால் அவன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

மறுநாள் ஒரு த்ரீவீலில் பெரியநீலாவணைக்குப் போனாள். கனகசிங்கத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. எண்பத்தாறு வயதில் கவிழ்த்த மீன்பெட்டியின் மேல் உட்கார்ந்து, வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். அவள் யார் என்று சொன்னதும் முகத்தை உற்றுப் பார்த்து, மூக்கு அவன்ட மூக்குத்தான் என்றார். அவள் சிரிக்கவில்லை. வாப்பாவின் பேரை எதற்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டாள்.

"ஏன் புள்ள, பொய்ப் பேரா குடுத்தன்? நானும் உங்கட வாப்பாவும் ஒரே நாளில மூண்டு தரம் செத்த ஆக்கள். வேற ஆருக்குத் தெரியும் அவன?"

"வந்த புள்ள ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமா? ஆரு அனுப்பின எண்டு கேட்டீங்களா?"

கேட்கவில்லை என்றார். வந்தாள், படத்தைக் காட்டினாள், தேத்தண்ணி குடித்தாள், போனாள். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. கைருன்னிஸா மகனுடைய ரிப்போட்டைப் பற்றிச் சொன்னாள். ஒரு பேர் ஒரு பட்டியலில் ஏறினால் பிறகு அது எந்த மேசைக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது என்றாள். பயமில்லையா ஐயா உங்களுக்கு என்று கேட்டாள்.

கனகசிங்கம் வெற்றிலை இடிப்பதை நிறுத்தினார்.

"என்ட ரெண்டு பொடியன்மாரும் இனி ஒரு ரிப்போட்டுக்கும் அலையத் தேவையில்ல, புள்ள."

அவளுக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. கிழவரின் மருமகள் கொண்டுவந்த தேத்தண்ணியை நின்றபடியே குடித்துவிட்டுத் திரும்பினாள். வழியெல்லாம் யோசித்தாள். அந்தப் பெண் பொய்க்காரி அல்ல என்று இப்போது அரைவாசி நம்பினாள். ஆனால் நல்ல பிள்ளை எழுதுகிற காகிதத்தையும் வேறொருவர் எடுத்து வாசிக்கலாம். ரிப்போட் கைக்கு வரும்வரை கேற் திறக்காது. வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். வாப்பாவிடம் இதைப் பற்றி மூச்சும் விடுவதில்லை என்று முடிவெடுத்தாள்.

மூச்சு விட்டவன் முர்ஷித். மூத்தப்பாவிடம் சொல்லாமல் இருக்க அவனுக்கு ஏலவில்லை. அபுல் ஹஸன் முழுவதையும் கேட்டுவிட்டு, அந்தப் படத்துக்குள் நான் அசைந்து திரிகிறேனா என்று கேட்டாராம். ஓம் என்றானாம். "என்னய நான் ஒருக்காப் பாக்கணும் மனே" என்றாராம். குப்பைக்குப் போகாமல் கிடந்த துண்டிலிருந்த இலக்கத்துக்கு முர்ஷித் போன் எடுத்தான். வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மா கிராம சேவகரிடம் கடிதம் எடுக்கப் போவாள், அப்போது வாருங்கள் என்றான்.

வியாழக்கிழமை கைருன்னிஸா கடிதத்தோடு ஒழுங்கைக்குள் திரும்பியபோது தன் வீட்டுக் கேற் அகலத் திறந்து கிடப்பதைக் கண்டாள். உள்ளேயிருந்து வெடிச் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, தொடர்ந்து. நடுவில் ஆண்கள் கத்துகிறார்கள். அவளுக்குக் காலில் இருந்த செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது.

ஹாலில் ஸ்டூலின் மேல் ஒரு லெப்டொப். அதற்கு முன்னால் கதிரை நுனியில் வாப்பா. பாயில் தர்சிகா. சுவரில் சாய்ந்தபடி முர்ஷித். உம்மாவைக் கண்டதும் அவன் நிமிர்ந்தான், வாப்பா திரும்பியே பார்க்கவில்லை. "பாரு, பாரு, இப்ப விழுவன்" என்றார். அவருடைய குரலில் இப்படி ஒரு துள்ளலை அவள் எப்போதாவது கேட்டிருக்கிறாளா என்று தெரியவில்லை. ஏசுவதற்குத் திறந்த வாயோடு அவளும் பார்த்தாள்.

சாகாமக் குளம்தான். கறுப்பு வெள்ளையில் அதற்கு ஒரு பெரிய ஆற்றின் மிடுக்கு வந்திருந்தது. பற்றைக்குள்ளிருந்து ஜப்பான்காரர்கள் ஓடிவந்தார்கள். மூன்றாவதாக ஓடி வந்தவன் முர்ஷித்தைப் போலவே ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடினான். வெடி கேட்டது. அவன் துவக்கை நழுவவிட்டு, வலது கையால் இடுப்பைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, மெதுவாகப் பக்கவாட்டில் விழுந்தான். தர்சிகா அடுத்த இடத்துக்கு ஓட்டினாள். அங்கே அவன் மரத்திலிருந்து விழுந்தான். கை இடுப்பில். இன்னோர் இடத்தில் தண்ணீருக்குள். அங்கும் கை இடுப்பில். குண்டு நெஞ்சில் பட்டாலும் முதுகில் பட்டாலும் அந்தச் சிப்பாய் காற்சட்டை இடுப்பைத்தான் பிடித்தான். இருபது வருஷம் சாரன் உடுத்துப் பழகிய கை அது. உயிர் போனாலும் சாரன் அவிழக் கூடாது. வெள்ளைக்காரன் ஏசோ ஏசென்று ஏசினான், ஏழு தரமும் கை தானாகப் போய்விட்டது என்று வாப்பா சொன்னார். தர்சிகா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். மற்றவர்களின் பேர்களை அவள் கேட்டபோது மட்டும், மறந்துபோச்சு மகள் என்றார்.

கேற்றடியில் மோட்டார் சைக்கிள் ஒன்று நின்ற சத்தம் வெடிச் சத்தத்துக்குள் அமுங்கிப்போனது. கைருன்னிஸா திரும்பியபோது, தான் மூட மறந்த கேற்றைத் தாண்டி, வாசற்படியில் பொலிஸ் சார்ஜன்ட் நின்றார். கையில் பைல். அவருடைய கண் லெப்டொப்பில் இருந்தது.

"என்ன சத்தம் இது?"

தர்சிகா பதறிப்போய்ப் படத்தை நிறுத்தினாள். நின்ற இடம் நல்ல இடமல்ல. திரை நிறைய மூன்றாம் இலக்கச் சிப்பாய், துவக்கை நீட்டியபடி, நேராக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சார்ஜன்ட் சிங்களவர். தமிழ் நன்றாகவே பேசினார். முர்ஷித்தின் ரிப்போட் விசயமாக வந்ததாகச் சொல்லி, அவனுடைய அடையாள அட்டையை வாங்கினார். அட்டையையும் அவனையும் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். அதன் பிறகு மறுபடி முர்ஷித்தை. அறுபத்தேழு வருஷத்துக்கு அந்தப் பக்கம் நின்றாலும் முகம் ஒன்றுதான்.

"இது யாரு?"

தர்சிகா வாயைத் திறந்தாள். கைருன்னிஸாவின் முகத்தைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். திங்கட்கிழமை கேற் ஏன் திறக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். சார்ஜன்ட் கதிரையில் இருந்த பெரியவரின் பக்கம் திரும்பினார்.

"ஐயா, உங்களுக்குத் தெரியுமா இந்த ஆள?"

அபுல் ஹஸன் மகளைப் பார்த்தார். சார்ஜன்ட்டின் கையிலிருந்த பேரனின் அட்டையைப் பார்த்தார். சற்று முன் முகத்தில் இருந்த துள்ளல் எங்கே போனதென்று தெரியவில்லை.

"தெரியா சேர். ஆரோ ஜப்பான்காரன்."

அதைச் சொன்ன விதத்தில்தான் கைருன்னிஸாவுக்கு மற்றதும் தெரிந்தது. அன்று வெறும் ஆணியைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கேட்ட மனிதர் கறையானை ஒரு நாளும் நம்பவில்லை. ஐந்து வருஷமாக, அவளுடைய பயத்துக்காகப் பேசாமல் இருந்திருக்கிறார். இப்போது தன்னையே தெரியாது என்கிறார்.

சார்ஜன்ட் படத்தைப் போடச் சொன்னார். தர்சிகா போட்டாள். வெடி கேட்டது, சிப்பாயின் கை இடுப்புக்குப் போனது, விழுந்தான். திருப்பிப் போடச் சொன்னார். மறுபடியும் விழுந்தான்.

"ஜப்பான்காரன் எதுக்கு சாரன் புடிக்கிறான்?" என்று கேட்டார். சிரித்துக் கேட்டாரா, மடக்கக் கேட்டாரா என்று அந்த முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

"அது எங்கட வாப்பா, சேர்" என்றாள் கைருன்னிஸா.

பிறகு நிறுத்த முடியவில்லை. சாகாமத்தைச் சொன்னாள், மரத் துவக்கைச் சொன்னாள், அரிசிப் பானையைச் சொன்னாள். போட்டோவைத் தன் கையால் எரித்ததையும், வாப்பாவுக்குக் கறையான் என்று பொய் சொன்னதையும், இந்தப் பிள்ளையை வீடு மாறி வந்ததாகத் திருப்பி அனுப்பியதையும் சொன்னாள். அவளுடைய முக்காடு தலையிலிருந்து நழுவியதைக்கூட அவள் கவனிக்கவில்லை. "பொடியன்ட ரிப்போட்டுக்குப் பயந்துதான் சேர் இவ்வளவும். வேற ஒண்டுமில்ல. அவர் செத்தது மட்டும்தான் சேர், ஆரையும் சுடல்ல."

சார்ஜன்ட் சிறு கொப்பி ஒன்றை எடுத்து எழுதத் தொடங்கினார். வெகு நேரம் எழுதினார். சிங்கள எழுத்து. அந்த வீட்டில் சிங்களம் வாசிக்கத் தெரிந்தவன் முர்ஷித் மட்டும்தான், அவனோ எதிர்ப்பக்கத்தில் நின்றான். யூனிபோம் போட்ட ஒருவரிடம் கைருன்னிஸா அதுவரை கேள்வி கேட்டதில்லை.

"என்ன எழுதினீங்க சேர்?"

"விலாசம்."

"இவ்வளவு நேரமா?"

"உங்கட விலாசம் நீளம்" என்றார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். அட்டையை முர்ஷித்திடம் கொடுத்துவிட்டு, பெரியவருக்குத் தலையை அசைத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளும் அவள் சார்ஜன்ட்டின் ஒவ்வொரு அசைவையும் எடுத்து எடுத்துப் பார்த்தாள். ஏன் தேத்தண்ணி குடிக்கவில்லை. ஏன் இரண்டாம் தரம் போடச் சொன்னார். தலையை அசைத்தது மரியாதையா, அல்லது உன்னைப் பார்த்துவைத்துக்கொண்டேன் என்றதா. விலாசம் எழுத எத்தனை வரி வேண்டும் என்று ஒரு கொப்பியில் தானே எழுதிப் பார்த்தாள். இரண்டரை வரிக்கு மேல் போகவில்லை. முர்ஷித் ஆட்டுக்குட்டிப் படத்தையும் பார்ப்பதை நிறுத்திவிட்டான். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டது தான்தானே என்ற குற்றம் அவனை அரித்தது. அபுல் ஹஸன் சாப்பாட்டைக் குறைத்தார். ஒருவர் மீது ஒருவர் குறை சொல்லவில்லை. அந்த வீட்டில் அது வழக்கமில்லாத அமைதி. இருபத்தெட்டாம் திகதி ஏஜன்சிக்காரர் போன் எடுத்து, ஏதும் சிக்கலா என்று ஒரு மாதிரியாகக் கேட்டார். இல்லை என்று முர்ஷித் சொன்னான். அவன் சொன்ன குரலைக் கைருன்னிஸாவே நம்பவில்லை.

இருபத்தொன்பதாம் திகதி காலை ரிப்போட் போனுக்கு வந்துவிட்டது. பாதகமான தகவல் எதுவும் இல்லை என்று இருந்தது. கைருன்னிஸா மகனை இரண்டு தரம் வாசிக்க வைத்தாள். பிறகு கடையில் கொடுத்து அச்செடுத்து, அந்தக் கடைக்காரப் பெண்ணிடமும் ஒரு தரம் வாசிக்கக் கொடுத்தாள். மூன்று தரமும் ஒரே மாதிரி இருந்த பிறகுதான் வீட்டுக்கு வந்து, வாப்பாவின் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தாள்.

"வந்திட்டுதா?"

"வந்திட்டு வாப்பா. ஒண்டுமில்லையாம். அவன் போகலாம்."

அல்ஹம்துலில்லாஹ் என்றார். கொஞ்ச நேரம் கையைக் கையால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஒரு பேனை எடு. மத்த எட்டுப் பேரையும் எனக்குத் தெரியும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அண்டைக்கு மறந்துபோச்செண்டு சொன்னீங்களே?"

"எப்பிடி மறக்கிற? பதினாறு நாள் ஒரு சட்டியில சோறு திண்ட ஆக்கள். நம்மட பிரச்சினை முடியாம அவங்கட பேர என்னத்துக்கு இழுக்கிற எண்டு விட்டன்." விரலை மடக்கத் தொடங்கினார். ஒன்றாம் ஆள் தம்பிலுவில்காரன், நெடுவல், பாட்டுக்காரன். இரண்டாம் ஆள் நிந்தவூர். நாலாவது...

கைருன்னிஸா பேனையைத் திறந்துவிட்டாள். முதல் பேரின் முதல் எழுத்தை எழுதியும் விட்டாள். பிறகு கை நின்றது.

"நில்லுங்க வாப்பா. இத இப்ப எழுத வேணாம்."

"ஏன்?"

"அவங்கட புள்ளையளிட்ட முதல்ல கேப்பம். அந்த வீடுகளிலயும் ஆருக்காவது ரிப்போட் கிடக்கும்."

அபுல் ஹஸன் மடக்கிய விரலை அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தார். அது சரி என்றார்.

அவள் போனை எடுத்துத் தர்சிகாவுக்கு அடித்தாள். அந்தப் பெண் பயந்த குரலில் ஹலோ என்றாள். "மூண்டாவது ஆளுக்கு அபுல் ஹஸன் எண்டு எழுதுங்க மகள். மத்த ஆக்களுக்கு இப்ப ஒண்டும் எழுத வேணாம். நாங்க போய்க் கேட்டுட்டுச் சொல்றம்."

அடுத்த சனிக்கிழமை முர்ஷித்தின் நண்பனுடைய வேனில் வாப்பாவும் மகளும் தம்பிலுவிலுக்குப் புறப்பட்டார்கள். பாட்டுக்காரனின் வீடு குளத்தடியில், பெரிய புளியமரத்துக்குப் பக்கத்தில் என்று வாப்பாவுக்கு ஞாபகம். மரம் நிற்குமா, வீடு அங்கேயே இருக்குமா, இருந்தால் உள்ளே அதே ஆட்கள் இருப்பார்களா என்று இருவருக்கும் தெரியாது. நாங்கள் யார், எதற்கு வந்தோம் என்பதை எந்த வார்த்தையில் தொடங்கிச் சொல்வது என்று அவள் வழி நெடுக யோசித்துக்கொண்டே போனாள்.